முழு உடல் எம்.ஆர்.ஐ. படமும் நோய் முன்சோதனையும்

திருவனந்தபுரம் நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி மலை அமைந்துள்ளது. விதுராவையும் கல்லாற்றையும் கடந்த பின், 22 கொண்டையூசி வளைவுகள் கொண்ட சாலை வழியே மேலே ஏறவேண்டும். இம்மலைச் சரிவுகளிலும் அடுத்துள்ள போணக்காட்டிலும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நகரத்துப் பரிசோதனைக் கூடங்களின் விளம்பரங்கள் கைபேசி வழியாக இக்குடும்பங்களையும் இன்று எட்டுகின்றன. உடம்பில் நோவு எதுவும் தோன்றாதபோதே தலை முதல் கால் வரை ஒரு முறை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொண்டால், புற்றுநோய் முதலிய கொடிய வியாதிகளை முளையிலேயே கண்டுகொள்ளலாம் என்பது அவற்றின் சாரம். நகரத்தில் வேலை பார்க்கும் மகன் தன் பெற்றோருக்காகப் பணம் கட்ட முன்வருகிறான். பெற்றோர், தங்களுக்குப் பழக்கமான சுகாதாரப் பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ யோசனை கேட்கின்றனர். பல வாரக் கூலிக்குச் சமமான செலவு இது. ஆதலின், அவர்களுக்குக் கூறப்படும் விடை ஆதாரமுள்ளதாக இருத்தல் வேண்டும்.

இந்த விடைக்குத் தேவையான சான்றுகளில் முக்கியமான ஒன்று, வெளிநாடு எதிலும் அல்லாமல், திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. அதனைக் கூறுமுன் எம்.ஆர்.ஐ. சாதனம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

காந்தமும் நீரும்

எம்.ஆர்.ஐ. என்பது காந்த ஒத்ததிர்வின் உதவியால் உடலின் உட்புறத்தைப் படமாகக் காட்டும் முறை. இதில் எக்ஸ்-கதிர் உபயோகிக்கப்படுவதில்லை. மனித உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம்போல் நடந்துகொள்கிறது. சாதாரண நிலையில் இக்கருக்கள் திசைக்கொன்றாக நோக்கியிருக்கும். வலிமை மிக்க காந்தப் புலத்தில் உடலை வைத்தால், அவற்றுள் ஒரு சிறு பங்கு மிகுதியாகப் புலத்தின் திசையில் சாய்ந்து, தரையில் சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல் அத்திசையைச் சுற்றித் தலையாட்டத் தொடங்குகின்றன. அவை விநாடிக்கு எத்தனை முறை தலையாட்டும் என்பது காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் இது விநாடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை. வானொலி அலைகளின் அதிர்வெண்ணும் ஏறக்குறைய இந்த அளவினதே.

ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அதன் ஆட்டத்திற்கு இசைந்த நேரத்தில் மெல்லத் தள்ளினால் ஊஞ்சல் உயர்ந்து செல்லும். நேரம் தவறித் தள்ளினால் பயன் இல்லை. அதே விதமாக, கருக்களின் தலையாட்டத்திற்கு ஒத்த அதிர்வெண்ணுள்ள வானொலி அலையை உடலுக்குள் செலுத்தினால் அவை அந்த ஆற்றலை ஏற்றுத் திசை மாறுகின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்புகையில், தாமே ஒரு மெல்லிய வானொலிச் சைகையை வெளியிடுகின்றன. கொழுப்பு, தசை, மூளை, கட்டி, தேங்கிய நீர் ஆகியவற்றில் கருக்கள் திரும்புவதற்கு ஆகும் நேரம் வெவ்வேறாக இருப்பதால், சைகைகளைக் கணித்து அவற்றை வேறு வேறு சாயல்களாகப் படத்தில் காட்ட முடிகிறது. எந்தச் சைகை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அறிவதற்காகக் காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சிறிதளவு மாற்றுகின்றனர். இதற்கான கம்பிச் சுருள்களின் அதிர்வே நோயாளியை அச்சுறுத்தும் அந்தத் தடதடச் சத்தம்.

1.5 டெஸ்லா என்பது திருவனந்தபுரத்தில் நிலவும் புவிக் காந்தப் புலத்தைப்போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமை. அந்தச் சிறிய புவிக் காந்தத்தை அளப்பதற்காகவே 1850-களில் திருவனந்தபுரம் வானிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன், பொன்முடிக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் அகத்திய மலையின் உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்து, கருவிகளைக் காட்டின் வழியே சுமந்து செல்லச் செய்தார் என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குக் கூறலாம்.

காந்த ஒத்ததிர்வை 1946-ஆம் ஆண்டில் பீலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அதனைக் கொண்டு படம் எடுக்கலாம் என்பதை 1973-ல் பால் லாட்டர்பர் காட்டினார். பீட்டர் மான்ஸ்பீல்டு அம்முறையை வேகப்படுத்தினார். இவ்விருவருக்கும் 2003-ல் நோபெல் பரிசு கிடைத்தது. ரேமண்ட் டமாடியன் 1977-ல் மனித உடலின் முதல் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்தபோது அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. இந்தியாவில் இச்சாதனம் 1986-ல் டில்லியிலுள்ள அணு மருத்துவ நிறுவனத்தில் முதன்முதலாக நிறுவப்பட்டது. மூளை, தண்டுவடம், மூட்டு, ஈரல் முதலிய உறுப்புகளில் நோய்க்குறி தோன்றிய பின் அதன் காரணத்தை நிர்ணயிப்பதில் இது ஒப்பற்ற சாதனம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நோய்க்குறி இல்லாதவரிடம் அதே சாதனத்தைப் பிரயோகித்தால் அதே பயன் கிட்டுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நோயற்றவரைச் சோதித்தல்

நோய் இருப்பதாகத் தாமே உணராத மக்களைச் சோதித்து, நோய் இருக்கக்கூடியவரைப் பிரித்தெடுப்பதற்கு முன்சோதனை என்று பெயர். முறத்தில் நெல்லைப் புடைப்பது போன்றது இது. பதரோடு சில நெல்மணிகளும் விழும், நெல்லோடு சில பதரும் தங்கும். எத்தகைய நோய்க்கு இம்முறை தகும் என்பதைப்பற்றி வில்சன், யுங்னர் என்னும் இருவர் எழுதிய நூலை 1968-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. நோய் அம்மக்களிடையே முக்கியமானதாக இருத்தல், அறிகுறி தோன்றுமுன் கண்டறியத்தக்க நிலை ஒன்று அந்நோய்க்கு இருத்தல், ஏற்கத்தக்க சிகிச்சை கிடைத்தல், செலவு தாங்கக்கூடியதாயிருத்தல் முதலியன அதில் கூறப்பட்ட நிபந்தனைகள். முழு உடல் படமோ, எந்த ஒரு நோயையும் குறித்து எடுக்கப்படுவதன்று. எது அகப்பட்டாலும் நன்று என்று வலை வீசுவதாகும்.

வலையில் மிகுதியாகவே அகப்படுகிறது. நோய்க்குறி இல்லாத 5,373 பேரை முழு உடல் எம்.ஆர்.ஐ. மூலம் சோதித்த 12 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான கட்டுரையின்படி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் கவலைக்குரியதோ, இன்னதென்று தீர்மானிக்க முடியாததோ ஆன ஏதேனும் ஒன்று தென்பட்டது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, ஈரலில் இரத்தநாளத் திரள், தைராய்டில் முடிச்சு, அட்ரீனல் சுரப்பியில் சிறு வீக்கம் ஆகியன வாழ்நாள் முழுவதும் தீங்கின்றி இருந்து போகக்கூடியவை. ஆயினும் அறிக்கையில் எழுதப்பட்டபின் அவற்றை அலட்சியம் செய்ய எவருக்கும் துணிவு வருவதில்லை. மறு படம், ஊசி மூலம் திசு எடுத்தல், சில வேளைகளில் அறுவை எனத் தொடர்ந்து செல்கிறது.

இதற்கு அடிப்படையான கணக்கை எட்டாம் வகுப்பு மாணவரும் போட்டுப் பார்க்கலாம். 1,000 பேரில் 10 பேருக்கு மட்டும் சிகிச்சைக்குரிய நோய் மறைந்திருப்பதாகக் கொள்வோம். சாதனம் அந்தப் பத்தில் ஒன்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. நோயற்ற 990 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறது என்றும் கொள்வோம். சந்தேகத்திற்குள்ளாவோர் 9-உம் 99-உம் சேர்ந்து 108 பேர். மேல் சோதனைக்கு அழைக்கப்படும் பன்னிருவரில் ஒருவருக்கே நோய். ஏனைய பதினொருவர் அச்சமும் செலவும் அடைந்து வீடு திரும்புவர். நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் எத்துணை நுட்பமான கருவியும் இத்தொல்லைக்கு விலக்கன்று. நோய்க்குறி உள்ளவரிடையே நோய் அரிதன்று. ஆதலால் அதே கருவி அங்கு நம்பத்தக்கதாகிறது.

"சோதனையில் முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிக ஆண்டுகள் வாழ்கின்றனரே" என்னும் வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. ஒரு பேருந்து பொன்முடியிலிருந்து திருவனந்தபுரம் செல்கிறது. ஒருவர் பொன்முடியில் ஏறுகிறார்; மற்றவர் விதுராவில் ஏறுகிறார். முதலாமவர் பேருந்தில் கழித்த நேரம் மிகுதி. ஆனால் இருவரும் நகரத்தை அடைவது ஒரே கணத்தில். ஒரு நோயால் 60-ஆம் வயதில் இறக்கவேண்டியவருக்கு 57-ல் நோய் தெரிந்தால் அவர் "மூன்றாண்டு வாழ்ந்தார்" என்பர். 52-ல் தெரிந்தால் "எட்டாண்டு வாழ்ந்தார்" என்பர். ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளி என்ற பெயருடன் வாழ்ந்த காலமே கூடியது. ஆகையால் முன்சோதனையின் பயனை அறிய, எத்தனை நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்றோ, அதன்பின் எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்றோ கேட்பது போதாது. சோதிக்கப்பட்ட கூட்டத்தில் அந்நோயால் இறந்தோர் தொகை, சோதிக்கப்படாத அதே போன்ற கூட்டத்தைவிடக் குறைந்ததா என்று பார்க்கவேண்டும்.

தென் கொரியாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. அந்நாட்டில் 1999-ல் தேசிய முன்சோதனைத் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் தைராய்டு சேர்க்கப்படவில்லை. எனினும் மருத்துவமனைகள் சிறிது கூடுதல் கட்டணத்திற்குக் கழுத்தையும் ஒலி அலைக் கருவியால் பார்த்துக் கொடுத்தன. 2011-ல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் வீதமோ மாறவேயில்லை. கண்டறியப்பட்டவர்களுள் பெரும்பாலோர் அறுவைக்கு உட்பட்டனர். அவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சீராக வைக்கும் சுரப்பி குன்றியது. நூற்றுக்கு இருவருக்குக் குரல் நாண் செயலிழந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் இதன் சாயல் தெரிகிறது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் பெண்களிடையே தைராய்டுப் புற்றுநோய்ப் பதிவு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அதற்கேற்ப இறப்பு உயரவில்லை. தீங்கு செய்யாதிருந்திருக்கக்கூடிய கட்டிகளைத் தேடிப் பிடித்ததே இவ்வுயர்வுக்குப் பெரிதும் காரணமாகலாம் என்பது ஆய்வாளரின் அபிப்பிராயம்.

பதின்மூன்று பஞ்சாயத்துகள்

அதே மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான முடிவைத் தந்த முயற்சி ஒன்றும் நடந்தது. 1981-ல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 1996-ல் வாய்ப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வைத் தொடங்கின. டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் இதற்குத் தலைமை வகித்தார். மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன 96,517 பேரைச் சோதனைக்கு உரியோராகக் கொண்டனர். ஆறு பஞ்சாயத்துகளில் 95,356 பேரை வழக்கமான மருத்துவ வசதியுடன் விட்டனர். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற பட்டதாரிச் சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் செய்ததெல்லாம் வீடு தேடிச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு, உதடு ஆகியவற்றை உற்றுப் பார்த்ததே. வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இவை தென்பட்டோரை மருத்துவரிடம் அனுப்பினர். மூன்றாண்டுக்கு ஒரு முறையாக 2004-க்குள் மூன்று சுற்றுகள் முடிந்தன.

2005-ல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த பஞ்சாயத்துகளில் 205 பேருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 77 பேர் இறந்தனர். மற்றப் பஞ்சாயத்துகளில் 158 பேருக்குக் கண்டறியப்பட்டு, 87 பேர் இறந்தனர். கண்டறிந்த தொகை மிகுந்தும் இறந்த தொகை குறைந்தும் இருப்பதைக் கவனிக்கவேண்டும். கொரியாவில் முன்னது மட்டுமே நிகழ்ந்தது. மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கும்போது இறப்புக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவிலேயே இருந்தது. புகையிலையோ மதுவோ உபயோகிப்போரை மட்டும் எடுத்துக்கொண்டால், வாய்ப் புற்றுநோயால் இறப்பது நூற்றுக்கு 34 வீதம் குறைந்திருந்தது, இது தற்செயலன்று. நான்காம் சுற்றையும் சேர்த்து 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2013-ல் வெளியான முடிவில் இக்குறைவு நூற்றுக்கு 24 வீதமாகக் காணப்பட்டது. செலவோ ஒருவருக்கு 6 அமெரிக்க டாலருக்கும் குறைவு என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் ஒரு தோட்டத் தொழிலாளியின் கன்னத்தினுள் படர்ந்திருக்கும் தட்டையான வெள்ளைத் திட்டு, பல கோடி ரூபாய் பெறும் எம்.ஆர்.ஐ. சாதனத்துக்குப் புலப்படுவதில்லை. சாதாரணக் கை விளக்குக்குப் புலப்படுகிறது. அத்தொழிலாளி நகரத்துக்குச் சென்று முழு உடல் படம் எடுத்து, "குறை ஏதும் காணப்படவில்லை" என்ற அறிக்கையுடன் மலைக்குத் திரும்பினால், அடுத்த முறை வாயைக் காட்டச் சொல்லும் பணியாளரிடம் அந்த அறிக்கையையே எடுத்துக் காட்டுவார். பணம் வீணாவதைக் காட்டிலும் இது பெரிய இழப்பு.

அந்த ஆய்வில் களப் பணியாளர் மனத்தில் கொள்ளத்தக்க எண் இன்னொன்று உண்டு. சோதனையில் ஐயத்துக்குரியவராகக் காணப்பட்டோர் 5,145 பேர். அவர்களுள் நூற்றுக்கு 63 பேரே சொன்னபடி மருத்துவரிடம் சென்றனர். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் செல்லவில்லை. பொன்முடி போன்ற இடத்திலிருந்து நகரத்து மருத்துவமனைக்குச் சென்று வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் உண்டு. மொழித் தயக்கமும் உண்டு. வலி இல்லாத புண்ணுக்காக எவரும் இவ்வளவு சிரமப்பட மனம் கொள்வதில்லை. எந்த நாளில், எந்தப் பகுதிக்கு, எந்தக் காகிதத்துடன் செல்லவேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்துக்குப் பின் மீண்டும் விசாரிப்பது, சோதனைக்குச் சமமான வேலையாகும். தோட்டக் கணக்கரிடம் கூறி அன்றைய விடுப்புக்கு ஏற்பாடு செய்வதும் அவ்வாறே.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்திலும் இதை ஒத்த ஆய்வு நடந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் 30-லிருந்து 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பயிற்சி பெற்ற செவிலியர் பார்வையிட்டனர். ஒரே ஒரு முறை நடந்த இச்சோதனையால் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு நூற்றுக்கு 35 வீதம் குறைந்ததாக 2007-ல் அறிவிக்கப்பட்டது.

யாருக்கு எது தகும்

மத்திய அரசாங்கம் 2016-ல் வெளியிட்ட வழிமுறைகளின்படி, 30 வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கு ஒரு முறையும், வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் சோதிக்கப்படவேண்டும். இவை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைப்பவை. இரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ எம்.ஆர்.ஐ. அளப்பதில்லை, இதயத்தின் தமனி அடைப்பையும், பெருங்குடலின் சிறு முளைகளையும், நுரையீரலின் நுண்ணிய முடிச்சுகளையும் கண்டறிய முழு உடல் படம் நம்பத்தக்கதன்று. முழு உடல் படம் எடுத்துக்கொண்டோர் அதனால் நீண்ட காலம் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று இல்லாமையால், நோய்க்குறி இல்லாதவருக்கு அதனைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2023-ல் அறிவித்தது.

விலக்குகள் உண்டு. லீ-ஃப்ராமேனி என்னும் பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பத்தினருக்கு இளமையிலேயே பல உறுப்புகளில் புற்றுநோய் தோன்றக்கூடும். அவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுப்பதை நிபுணர் பரிந்துரைக்கின்றனர். எலும்பு மச்சையைப் பற்றும் மைலோமா நோயிலும் அது பயன்படுகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இளவயதில் புற்றுநோய் வந்திருப்பது தெரிந்தால், அக்குடும்பத்தை விளம்பரத்தின்பால் விடாமல் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடத்துக்கு அனுப்பவேண்டும். காரணமின்றி எடை குறைதல், இரத்தப் போக்கு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப் புண், மார்பில் கட்டி ஆகியன இருப்போர் முன்சோதனைக்கு உரியோர் அல்லர். அவர்கள் நோயாளிகள், உடனே டாக்டரைக் காணவேண்டியவர்கள். முழு உடல் படத்தை முன்னரே எடுத்துவிட்டு அறிக்கையுடன் வருவோரை நிந்திப்பதில் பயனில்லை. அறிக்கையைக் குடும்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டச் செய்து, வாய்ச் சோதனையும் இரத்த அழுத்தச் சோதனையும் அன்றே முடித்துக்கொள்ளச் செய்வது நலம்.

எக்காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சென்றாலும், உடன் செல்வோர் அறியவேண்டியது ஒன்று. திரவ ஹீலியத்தால் பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை சென்டிகிரேடு வரை குளிர்விக்கப்பட்ட கம்பிச் சுருளே இதன் காந்தம். படம் எடுக்காத வேளையிலும், விளக்கு அணைந்திருக்கும்போதும், அதன் ஈர்ப்பு நிற்பதில்லை. 2018 ஜனவரியில் மும்பையிலுள்ள ஒரு மருத்துவமனையில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் உருளையை அவ்வறைக்குள் எடுத்துச் சென்றபோது காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். சக்கர நாற்காலி, அரிவாள், சாவிக்கொத்து, கைபேசி எதுவும் அறைக்குள் செல்லலாகாது. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டிருத்தல், மூளை இரத்தநாளத்தில் உலோகப் பிடிப்பு இடப்பட்டிருத்தல் ஆகியவற்றை முன்னதாகவே தெரிவிக்கவேண்டும். தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் சாணை பிடிப்போர், பற்றவைப்போர் ஆகியோரின் கண்ணில் எப்போதேனும் இரும்புத் துகள் தெறித்ததுண்டாயின், அதையும் சொல்லவேண்டும்; அவர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம் ஆதலால், உடன் செல்பவர் கேட்டறிந்து கூறுவது நல்லது.